கொப்பரை ராசுவுக்கு ஒரு வாய்ச் சோறு

என் அண்ணன் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த ஆள் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. முன்கட்டில் உட்கார்ந்து, அந்த நாய் யாரென்று மட்டும் தெரியட்டும் என்று போனில் கறுவிக்கொண்டிருப்பான். நான் அடுப்படியில் நின்று அவனுக்கு முறுகலாகத் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன். ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மதினி அதைப் பித்தம் என்றாள். பித்தமாவது மண்ணாவது, எல்லாம் பயம்.

விஷயம் இதுதான். ‘வேட்டைக்கெடு’ என்று ஒரு படம் வந்தது. அதில் டிஎஸ்பி மாறவர்மன் கதாநாயகன். கொப்பரை ராசு வில்லன். தேங்காய் லாரியில் என்னென்னவோ கடத்துகிறவன், கூசாமல் கொலை செய்கிறவன். கடைசியில் மாறவர்மன் அவனைச் சுட்டுக் கொல்கிறான். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. ஆனால் சுட்ட பிறகு மாறவர்மன் குனிந்து, செத்துக் கிடக்கிறவனின் திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறான். கண்ணைச் சிமிட்டினால் தப்பிவிடும். தென்காசி தியேட்டரே விசிலடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பகையாளிக்கு எவனாவது பொத்தான் போட்டுவிடுவானா?

வீரனுக்கு வீரன் தரும் மரியாதை என்று ரசிகர்கள் சொன்னார்கள். மரியாதை என்றால் ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, பொத்தான் எதற்கு? எனக்கு ஆறவில்லை. நான் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். காலையும் மாலையும் பஸ்ஸில் போகிற நேரத்தில், கதை போடும் செயலி ஒன்றில் ‘ஊமத்தம்பூ’ என்ற பெயரில் எழுத ஆரம்பித்தேன். மாறவர்மனுக்கு ராசுவைக் கொன்ற பிறகு தூக்கம் வரவில்லை. ராசு குடித்த பீடியின் வாசனை எங்கிருந்தோ வருகிறது. அவனைத் துரத்திய வருடங்களில்தான் தனக்கு உயிர் இருந்தது என்று தோன்றுகிறது. அது பாசமா, வெறுப்பா, குற்ற உணர்ச்சியா என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவேன்? ஆனால் படித்தார்கள். பல ஊர்ப் பெண்கள், சில பையன்கள், அடுத்த அத்தியாயம் எங்கே என்று உயிரை வாங்கினார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

மாறவர்மனாக நடித்தவரின் ரசிகர் மன்றத்துப் பையன்கள் கண்ணில் அது பட்டது. எங்கள் தலைவர் ஒரு கடத்தல்காரனுக்காக ஏங்குவதா என்று கொதித்தார்கள். எழுதியவனைப் பிடித்து, கட்அவுட் முன்னால் நிற்க வைத்து, மன்னிப்புக் கேட்கும் வீடியோ எடுத்துப் போடுவது என்று முடிவு செய்தார்கள். எழுதியது ஆண் என்றே நினைத்தார்கள். குற்றால அருவி, செங்கோட்டை ரோடு என்று கதையில் வந்ததை வைத்து, ஆள் நம்ம பக்கம்தான் என்றும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். என் அண்ணன் இசக்கிதுரை போலீஸில் கான்ஸ்டபிள். மன்றத்தில் பேர் இருக்கக் கூடாது என்பதற்காக மதினி சங்கரேஸ்வரியின் சிம்மில் அந்தக் குரூப்பில் இருக்கிறான். கண்டுபிடிக்கிற பொறுப்பை அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். நல்ல ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

வீடியோவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. என் பயம் பேச்சிமுத்து.

பேச்சிமுத்து அண்ணனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். எங்கள் சொந்த ஊர் வடகரையில் அவன் வீடு நாலு வீடு தள்ளி. அவன் அம்மா கையால் தின்று வளர்ந்தவன் என் அண்ணன். ஒருவன் காக்கி போட்டான், ஒருவன் கஞ்சா விற்றான். போன வருடத்துக்கு முந்தின வருடம் போலீஸ் தேடியபோது பேச்சிமுத்து ஒரு தென்னந்தோப்பில் ஒளிந்திருந்தான். அண்ணன் அவனுக்குச் சோறு கொண்டுபோனான். அவன் தின்றுகொண்டிருக்கும்போதே போலீஸ் வந்துவிட்டது. அண்ணன் சொல்லி வந்தார்களா, அண்ணன் பின்னாலேயே வந்தார்களா, இன்றுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. அண்ணனுக்கு மேலதிகாரி கையால் பாராட்டு கிடைத்தது. பேச்சிமுத்து பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். அவன் பெயரை எடுத்தால் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான்.

நான் எழுதியது மாறவர்மன் கதைதான். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். சாரல் நன்றாக அடித்தது. போகும் வழியில் என்னோடு கடையில் வேலை பார்க்கும் ஜெபமலர் கூப்பிட்டாள். ஊமத்தம்பூ யாரென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வியாழக்கிழமை நான் போட்ட அத்தியாயத்தை யாரோ படம் பிடித்து மன்றத்துக் குரூப்பில் போட்டுவிட்டார்கள் என்றும், கெட்ட வார்த்தை தாங்க முடியவில்லை என்றும் சொன்னாள். பக்கத்தில் அண்ணன் இருந்ததால் சரி, சரி என்று மட்டும் சொல்லி வைத்தேன். நல்லவேளையாக அவன் இன்னும் போனைப் பார்க்கவில்லை.

அருவிக்கரையில் அண்ணன் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தான். பைகளையும் போன்களையும் அவனிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் குளித்து வந்த பிறகு அவன் போவதாகப் பேச்சு. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது மதினி சொன்னாள், வடகரைக் கோயில் கொடைவிழாவுக்கு இந்த ஆடியில் அண்ணன் வரமாட்டேன் என்கிறானாம். சித்தப்பா மகன் வீரபாகு படப்புச் சோறு படைக்கட்டும், அந்த ஒரு வாய்ச் சோற்றை என்னால் தின்ன முடியாது என்று ராத்திரியெல்லாம் புரண்டானாம்.

அப்போதுதான் நான் என்ன எழுதித் தொலைத்தேன் என்பது எனக்கு உறைத்தது.

எங்கள் குடும்பக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பாட்டன் பூட்டன் எவரோ, மாடு திருடிய ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோற்றில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார். அதன் பிறகு குடும்பத்தில் பிள்ளை தங்கவில்லை. கோயிலுக்கு வெளியே அவனுக்கு ஒரு கல் நட்டார்கள். கொடை நாளில் சாமிக்கு முந்தி அவனுக்குத்தான் இலை. ஆனால் எங்கள் வீட்டுச் சோற்றை அவன் நம்பமாட்டான் அல்லவா? அதனால் மூத்த மகன் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த இலையிலிருந்து முதலில் தான் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். அந்த நேரம் மற்ற எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், பார்க்கக் கூடாது. பிறந்ததிலிருந்து பார்த்ததால் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். இதெல்லாம் எங்கே உள்ள வழக்கம் என்று அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஜெபமலர் வெள்ளிக்கிழமை கேட்டபோதுகூட, ஏசு இருக்கிற உங்கள் வேதக்கோயிலில் இருக்காது என்று சிரித்துவிட்டுப் போனேன். கூறு கெட்டவள்.

வியாழக்கிழமை அத்தியாயத்தில் மாறவர்மன், ராசு செத்த பாலத்தடியில் உட்கார்ந்து இலை போடுகிறான். முதல் வாயைத் தான் தின்று காட்டிவிட்டு இலையைத் தள்ளி வைக்கிறான். அதோடு விட்டேனா? சோறு தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறான் என்று எழுதினேன். போன ஆடியில் என் அண்ணன் அப்படித்தான் அழுதான். எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். நான் ஒருத்திதான் திரும்பிப் பார்த்தேன்.

அருவியில் நின்றேனே தவிர, தண்ணீர் சுட்டதா குளிர்ந்ததா தெரியவில்லை. ஆளை மாற்றி ஆள் இடித்தார்கள். அண்ணன் கையில் போன் இருக்கிறது, படித்துக்கொண்டிருப்பான், இப்போது அந்த வரிக்கு வந்திருப்பான் என்றே மனசு அடித்துக்கொண்டது. கதை போனால் போகிறது. இனி அவன் என் முகத்தைப் பார்ப்பானா? அவன் ஒளித்து அழுததை ஊருக்கு விற்றவள் என்றல்லவா நினைப்பான்? மதினி இன்னும் கொஞ்சம் நிற்போம் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். தேய்த்த எண்ணெய் தலையிலிருந்து வழிந்து போனில் சொட்டியது. அதைத் துடைக்காமல் படித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் மதினியிடம் பணத்தைக் கொடுத்து, மங்குஸ்தான் வாங்கி வரச் சொன்னான். விலை பேசாமல் அவள் எதையும் வாங்கமாட்டாள், அதனால் நேரமாகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போகும்வரை காத்திருந்தான். எழுதியது நீயா என்று அவன் கேட்கவில்லை.

“அன்னைக்கு நீ திரும்பிப் பாத்தியாட்டி?”

“பாத்தேன்ணே.”

கை ஓங்கியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். மன்றத்துப் பையன்களைத் தன்னால் சமாளிக்க முடியும், எழுதியது மதுரைக்காரன் எவனோ என்று திருப்பிவிடலாம் என்றான். ஆனால் ஸ்டேஷனிலோ வடகரையிலோ எவனாவது படித்தால் பேச்சிமுத்து என்று உடனே சொல்லிவிடுவான் என்றான். அவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. இது மாறவர்மன் கதை என்று நான் முனகினேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

“எல்லாத்தையும் தப்பா எழுதி வச்சிருக்க. நம்ம பயந்துதான் அந்த எலைய வைக்கோம். பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

அப்போதுதான் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கதையைத் தப்பு என்றதும் பொறுக்கவில்லை.

“பயந்தவன் எலைய வச்சிட்டு ஓடிருவாம்லா. அவன் நம்மள நம்பணும்னு எதுக்குண்ணே தின்னு காட்டுதான்?”

அண்ணன் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் சிவந்திருந்தது, எண்ணெய் இறங்கியதாக இருக்கலாம். பிறகு பையிலிருந்து என் போனை எடுத்து நீட்டி, அழித்துவிடு என்றான். அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அழித்தேன். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று செயலி ஒரு தடவை கேட்டது. பஸ் பஸ்ஸாக உட்கார்ந்து எழுதியது, எனக்காகக் காத்திருந்தவர்கள் எழுதிய பதில்கள், எல்லாம் ஒரே தொடுதலில் போய்விட்டன. எதையும் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. போனைக் காட்டினேன். அவன் பார்க்காமலேயே தலையை ஆட்டிவிட்டு அருவிக்குப் போனான். நான் ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பழத்தோடு வந்த மதினி, தலையைத் துவட்டு, ஜலதோஷம் பிடிக்கப்போகிறது என்று திட்டினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். நான் அவள் பக்கத்தில். அண்ணனுக்கு இடம் கிடைக்காமல் என் சீட்டின் கம்பியைப் பிடித்து நின்றிருந்தான். இலஞ்சி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்து வந்தான். இனி எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது குனிந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டான்.

“அந்த எல வச்ச பொறவு அவரு என்ன செய்யுதாரு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தாயிற்றே அண்ணே என்றேன். அழித்ததைக் கேட்கவில்லை, எழுதாததைக் கேட்கிறேன் என்றான். உண்மையில் நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்குக் கதை வரும். ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அவனை இழந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ராசுவோட அம்மாவப் பாக்கப் போறாரு. மப்டியில. தெரு முக்கு வரைக்கும் போறாரு, அந்தம்மா வாசத் தெளிக்கது தெரியுது. அதுக்கு மேல கால் வரல. அப்படியே திரும்பிருதாரு. வீட்ல ட்யூட்டின்னு சொல்லிக்கிடுதாரு. அடுத்த வாரமும் போறாரு.”

அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

“அது உனக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

நான் சும்மாதான் சொன்னேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு, சும்மாதான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.