கேட்காமல் கழற்றிய விசை

டேட்டன் நகர நூலகத்தின் கீழ்த்தள அரங்கில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கே முப்பது மேசைகளும் நிறைந்துவிட்டன. மேசைக்கு நான்கைந்து பழைய கணினி விசைப்பலகைகள். யார் வேண்டுமானாலும் எதன் முன்னும் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். ஆனால் உடையவரைக் கேட்காமல் ஒரு விசையின் மூடியைக்கூடக் கழற்றக் கூடாது. பழைய பலகை சேகரிப்பவர்களின் அந்தக் கூட்டத்துக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். பதினோரு வருஷமாக அங்கே வந்துகொண்டிருந்த லோவெல் ட்ரெஷ்லருக்கு அது தெரியாமல் இல்லை.

அவனைக் கெடுத்தது ஒரு வாக்குவாதம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பர்னல் ஹாட்சர், 1978இல் செய்த பலகை ஒன்றைப் பிடித்துவிட்டதாக இணையக் குழுவில் எழுதியிருந்தார். மூடிக்கு அடியில் இருக்கும் தண்டின் நிறம் தெரிந்தால் அது எந்த வகை விசை என்று சொல்லிவிடலாம். சாம்பல் நிறம் என்று லோவெல் பனிக்காலம் முழுவதும் ஒற்றை ஆளாகச் சாதித்தான். மற்ற அத்தனை பேரும் வெள்ளை என்றார்கள்.

இப்போது பலகை கண்ணெதிரே இருந்தது. பர்னல் காப்பி வாங்கப் போயிருந்தார். ஒரு நொடி வேலைதானே என்று, லோவெல் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கம்பிக் கொக்கியை எடுத்து, ஓரத்தில் இருந்த க்யூ எழுத்து விசையில் மாட்டி இழுத்தான்.

தீக்குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. மூடியோடு தண்டின் மேல்பாதியும் கையோடு வந்துவிட்டது. நிறம் வெள்ளை.

அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. ஒடிந்த துண்டை மிச்சத் தண்டின் மேல் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தான். நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பர்னல் இரண்டு கோப்பைகளோடு வந்தார். "இந்தா, உனக்கு ரெண்டு சர்க்கரை. சரிதானே?"

"எதுக்கு சார் எனக்கெல்லாம்..."

"குடிப்பா. உன் சாம்பல் நிறத்தை மத்தியானம் பாத்துருவோம். நானே கழட்டிக் காட்டுறேன். பழைய பிளாஸ்டிக், பட்டுனு ஒடிஞ்சுரும். முடி காயவைக்கிற மெஷின் கொண்டாந்திருக்கேன், லேசா சூடு காட்டித்தான் எடுக்கணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். காப்பி நாக்கைச் சுட்டதுதான் மிச்சம்.

ஆட்கள் வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். எந்தப் பலகையில் உட்கார்ந்தாலும் எல்லாரும் அடிப்பது ஒரே வாக்கியம்தான், எல்லா எழுத்தும் ஒரு தடவையாவது வரும் அந்த ஆங்கில வாக்கியம். க்யூ அதில் இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடும்.

முதலில் உட்கார்ந்தவள் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் கார்லிஸ். அவள் விரல் அந்த மூலைக்குப் போனது. விசை இறங்கியது, ஏறியது. ஒன்றும் ஆகவில்லை.

"வெண்ணெய் மாதிரி இறங்குது பர்னல்! எனக்கு வித்துருங்க," என்றவள் லோவெலைப் பார்த்தாள். "நீ ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தோத்துருவோம்னு இப்பவே பயமா?"

"ராத்திரி சரியாத் தூங்கல," என்றான்.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், நான்காவது ஆள். ஒவ்வொரு தடவையும் இறங்கியது, ஏறியது. மூடி மட்டும் ஒரு மயிரிழை சாய்ந்திருப்பது லோவெலுக்கு மட்டும் தெரிந்தது. கூட்டம் கொஞ்சம் விலகினால் பசை வாங்கி வந்து ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டான். கூட்டம் விலகவில்லை.

ஐந்தாவதாக உட்கார்ந்தவள் கெஸாயா. மருத்துவமனைத் தாதி, கூட்டத்துக்கு இன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தாள். தடதடவென்று அடிக்கிற கை. க்யூ துள்ளிப் பறந்து பர்னலின் காலடியில் விழுந்தது.

பர்னல் குனிந்து எடுத்து, மூடிக்குள் சிக்கியிருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார்.

"ஐயோ, நான் பலமா அடிச்சுட்டேன்," என்றாள் கெஸாயா. அவள் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுருங்க. எவ்வளவு ஆனாலும் நான்..."

"இதுக்கு மாத்து கிடைக்காதும்மா," என்றார் பர்னல். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இனி இந்தப் பக்கம் அவள் வர மாட்டாள் என்று லோவெலுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அவங்க இல்ல சார்," என்றான். "நான்தான். நீங்க காப்பிக்குப் போனப்ப கழட்டிப் பாத்தேன்."

பர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "எத்தனை மணிக்கு?"

"பத்தேகாலுக்கு."

"இப்ப பதினொண்ணேகால். நான் வாங்கிக் குடுத்த காப்பியையும் குடிச்சுட்டு, ஒரு மணி நேரம் எம்பக்கத்துலயே நின்னிருக்க."

லோவெல் சட்டைப்பையிலிருந்து கொக்கியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"உடைஞ்சது உடைஞ்சு போச்சு," என்ற பர்னல் கெஸாயாவை மறுபடி உட்காரச் சொன்னார். "நீ அடிம்மா, அந்த எழுத்து இல்லாமலே அடி." பிறகு ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் பலகைக்குப் பக்கத்தில் போட்டார். "லோவெல், இதுல உக்காரு. வர்றவங்கல்லாம் கேப்பாங்க, அந்த விசைக்கு என்னாச்சுன்னு. நான் வாய் திறக்க மாட்டேன். நீயே சொல்லு, ஒவ்வொருத்தருக்கும்."

லோவெல் உட்கார்ந்தான். வரிசை கதவுவரை நீண்டிருந்தது. கூட்டம் கலைய நாலரை ஆகும். கெஸாயா முடித்து எழுந்ததும், தொப்பி போட்ட ஒருவர் முன்னால் வந்து பலகையைப் பார்த்தார். மூலையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு லோவெலை நிமிர்ந்து பார்த்தார்.