அப்துல் வஹாபுக்கு ஒரு கிண்ணம் சோறு

குடவாசல் பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்துல் வஹாபின் மளிகைக் கடை இருக்கிறது. சவூதியில் யாருடைய கடையிலோ வெகுகாலம் பெட்டி சுமந்துவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாகப் போட்ட கடை. மனைவி ரசியா பேகம். ஒரே மகள் அஃப்ரீன், பி.காம். முடித்தவள்.

சென்னைப் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்தும் தொழிற்சாலைகளுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அஃப்ரீன் போனை வைத்துக்கொண்டு கொரிய மொழி படிக்க உட்கார்ந்துவிட்டாள். எழுத்து சீக்கிரமே வந்தது. பேச்சுதான் வரவில்லை. தனியாக உட்கார்ந்து யாரோடு பேசுவது?

அதற்கும் ஒரு வழி கிடைத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு சும்மா பேசிப் பழக்குகிற குழு ஒன்றில் சூன்ஜா என்ற அம்மாள் அகப்பட்டார். கணவனை இழந்தவர். கொரியாவின் தெற்கே, நெல் விளைகிற ஊர். அஃப்ரீன் வீடியோவில் மாடியிலிருந்து வயலைக் காட்டியதுதான் தாமதம், அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தன் வயலைக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் இருவருக்கும் பேச்சு.

அந்த நேரத்தில் வீட்டில் ஊசி விழக்கூடாது.

"அந்த மிக்ஸிய நிறுத்து ரசியா! புள்ள வெளிநாடு பேசுது."

"அப்ப சட்னிய அம்மியில அரைங்க, நான் வேணாங்கல."

மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வஹாப் பனியனோடு கதவோரம் வந்து குந்திவிடுவார். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் மகள் வாயிலிருந்து அந்த மொழி வருவதைக் கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஆசிரியரை அந்த ஊரில் 'சொன்செங்நிம்' என்பார்கள். வஹாப் வாயில் அது நுழையாது. "உன் சொன்சங்கிலி இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்பார்.

புது மொழி படிக்கிற யாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. புரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவது. கொரிய மொழியில் ஆமாம் என்பதற்கு 'நே' என்பார்கள். ஆரம்பத்தில் அஃப்ரீனுக்கு எல்லாவற்றுக்கும் 'நே'தான். ஒரு நாள் சூன்ஜா அவளுடைய அத்தா வஹாபைப் பற்றி ஏதோ கேட்டார். அஃப்ரீன் 'நே' என்றாள். சூன்ஜா முகம் வாடிப்போய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தன் கணவர் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கண் கலங்கினார். பேச்சு முடிந்தபிறகு அகராதியைப் புரட்டியபோதுதான், அத்தா இறந்துவிட்டாரா என்ற கேள்விக்குத் தான் ஆமாம் சொல்லியிருப்பது அஃப்ரீனுக்குப் புரிந்தது.

அதுவரை அது தெரியாமல் செய்த பிழை. அடுத்த வாரமே திருத்தியிருக்கலாம். சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்துதான் உட்கார்ந்தாள். ஆனால் சூன்ஜா அன்று முதல் மாறிப்போயிருந்தார். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணியானது. "தகப்பனில்லாத பிள்ளை, உன்னை நான் கைதூக்கிவிடுகிறேன்" என்றார். வேலைக்கான நேர்காணலில் என்ன கேட்பார்கள், எப்படி உட்கார வேண்டும், எப்படிக் குனிந்து வணங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில், "நீ வேலையில் சேர்ந்தால் மேலே இருக்கிற உன் அப்பா மகிழ்வார், இல்லையா?" என்று கேட்டார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

"நே" என்றாள்.

கதவோரம் வஹாப் தேநீர்த் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

அவளை உடனே திட்டிவிடாதீர்கள், கண்ணுகளா. தமிழில் அந்தப் பேச்சு அவள் நாக்கில் ஏறியிருக்காது. அந்நிய மொழியில் பொய் சொல்லும்போது கனம் தெரிவதில்லை. அன்றைக்குத் தெரியாத கனம், பின்னால் ஒவ்வொரு நாளும் தெரிந்தது. அத்தா இருமினாலே பதறினாள். தன் வாயால் சொன்னது பலித்துவிடுமோ என்று தொழுகையில் அழுதாள். சனிக்கிழமை வந்ததும், "அத்தா, கேமராவுல விழாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவரும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரமெல்லாம் நெல் காய்ந்தது. கொரியாவிலும் அது அறுவடைப் பண்டிகைக் காலம். பண்டிகையன்று விடிந்ததும் சூன்ஜா அழைத்தார். புது அரிசிச் சோறும் பழமும் மீனுமாக ஒரு மேசையில் பரப்பியிருந்தார். இறந்தவர்களுக்கு வைக்கிற படையல். சோற்றின் நடுவே ஸ்பூனை நெட்டுக்குத்தலாக நட்டு வைப்பது அவர்கள் வழக்கம். கணவர் படத்தின் முன்னால் ஒரு கிண்ணம். பக்கத்தில் இன்னொரு கிண்ணம்.

"எங்களில் சொந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் வைப்போம்," என்றார் சூன்ஜா. "ஆனால் உன் அப்பா தனியாக இருப்பாரே என்று தோன்றியது. இது வஹாபுக்கு." அவர் கண்கள் சிவந்திருந்தன.



அந்த நேரம் பார்த்து வஹாப் சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி. தன் பெயர் காதில் விழவும், இன்றைக்குப் பார்க்கும்படியாகத்தானே இருக்கிறோம் என்று நேரே மகள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"என் பேரச் சொன்னாங்களே! அந்தச் சோறு எனக்கா?" என்று சிரித்தபடி, நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னார்.

சூன்ஜா அவரையே பார்த்தார். "யார் அது?"

பெரியப்பா என்பதற்கான சொல் அஃப்ரீனுக்குத் தெரியும். அது நாக்கு நுனிவரை வந்தது. தோளில் அத்தாவின் கை இருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு முறை அவரைக் கொல்ல அவளால் முடியவில்லை.

"என் அப்பா," என்றாள். "உயிரோடு இருக்கிறார். எப்போதும் இருந்தார்."

சூன்ஜா இரண்டாவது கிண்ணத்திலிருந்து ஸ்பூனைப் பிடுங்கினார். திரை அணைந்தது.

"ஏம்மா வச்சிட்டாங்க? நான் ஏதும் தப்பா..."

அஃப்ரீன் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வஹாப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைய மவுத்தாக்கி வச்சிருந்தியா?"

அவள் அழுதாள்.

"அதான் கேமராவுல விழாதீங்கன்னியா? நான் பனியனோட இருக்கறதால சொல்றியோன்னுல்ல நெனச்சேன்." தொப்பியை மடித்துக்கொண்டே, "அந்தம்மா தனியா இருக்கறவங்கம்மா. இல்லாத மவுத்துக்கு அழ வச்சிருக்கியே," என்றார். எழுந்து கடை திறக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் அஃப்ரீன் அழைத்தாள். சூன்ஜா எடுக்கவில்லை. நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. சனிக்கிழமை காலை வஹாப் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் போட்டார்.

"கூப்புடு. நானும் இருக்கேன்."

சூன்ஜா எடுத்தார். அஃப்ரீன் பக்கம் திரும்பவே இல்லை. வஹாபைப் பார்த்துப் பேசினார். "உன் அப்பாவுக்கு அப்படியே சொல். ஒரு சொல்லும் குறைக்காதே," என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

அஃப்ரீன் தமிழில் சொல்லத் தொடங்கினாள். "நீங்க நல்லா இருக்கறதுல அவங்களுக்குச் சந்தோஷமாம். உங்க மகள் கெட்டிக்காரியாம்." அடுத்ததை விட்டுவிடலாம். விட்டாலும் அத்தாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொன்னாள். "ஆனா, உங்க மகள் தன் லாபத்துக்காக ஒரு கிழவியோட கண்ணீர எடுத்துக்கிட்டாளாம். தான் அழறத எப்படிப் பாத்துக்கிட்டு இருந்தாள்னு அவளக் கேட்டுச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க."

வஹாப் மகளைப் பார்த்தார். "நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிடு."

அஃப்ரீன் முதலில் கொரிய மொழியில் சொன்னாள். சூன்ஜா கேட்டுக்கொண்டார். பிறகு அத்தாவின் பக்கம் திரும்பினாள். அதே வாக்கியம்தான். தமிழில் அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"தெரிஞ்சேதான் செஞ்சேன் அத்தா. உங்கள விட எனக்கு அந்த வேலை பெருசாப் போச்சு."