எங்கள் நிறுத்தத்துக்கு ஒரு சிலை

நகரத்தின் பன்னிரண்டு பஸ் நிறுத்தங்களில் சாதாரண அம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிலை வைக்கிறார்கள். எங்கள் நிறுத்தத்துக்கு என் மனைவியின் பெயரை எழுதிப் போட்டவர் அவள் தினமும் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர். அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

சிற்பி ஒரு பெண். களிமண் உருவம் தயார், வந்து பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள் என்றார். மறுநாள் அச்சு எடுத்துவிட்டால் எதையும் மாற்ற முடியாதாம். நானும் மச்சினனும் என் நான்கு வயது மகளும் பட்டறைக்குப் போனோம்.

ஈரத்துணியை விலக்கினார். இடுப்பில் குழந்தையோடு, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றாள். மூக்கு அவள் மூக்குதான். நான் பேனா கேட்டேன். அந்த மாதங்களில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், அக்கா இவ்ளோ அடக்கமா நின்னு நான் பார்த்ததே இல்ல. காய்ச்சல்ல படுத்தப்பகூட."

மகள் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இது யாருப்பா?"

பேனாவை மூடினேன். இனி தினமும் காலையில் பஸ் ஏறும்போது இந்த யாரோ ஒருத்தியைத்தான் அவள் பார்த்தாக வேண்டும்.

"அம்மா உன்ன எப்படித் தூக்குவா?"

"கக்கத்துல."

உண்மை. என்றைக்கும் தாமதம். மகளைச் சுருட்டிய பாய் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுவாள். விசில் கொடுக்காமல் கண்டக்டர் காத்திருப்பார். சிற்பியிடம் சொன்னேன். போட்டோவைப் பார்த்துச் செய்ததுதான் தப்பு, போட்டோவில் எல்லாரும் நிற்கத்தானே செய்வார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓடிக் காட்டச் சொன்னார். எனக்கு ஓட வராது என்றேன். அதை அக்கா கல்யாணமான மாதமே சொல்லிவிட்டாள் என்றான் மச்சினன்.

மகளை இடுக்கிக்கொண்டேன். மச்சினன் பையின் வார் பல்லில். வாசலிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகள் வரை ஓடினேன். திரும்பினேன். இரண்டாவது சுற்றில் அவள் காலை உதைத்துக் கீச்சிட்டாள். சிற்பி இடுப்புக் குழந்தையைப் பெயர்த்தெடுத்து, உருவத்தை இரண்டு கையாலும் முன்னால் வளைத்தார். அச்சு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மச்சினன் விசில் அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்து, பை நழுவியது.

வளைந்து நின்ற களிமண்ணுக்குக் கக்கத்திலிருந்தே கை ஆட்டினாள் மகள்.

"அம்மா, நாங்க முந்திட்டோம்!"

போதும், ஓட்டத்தைப் பிடித்துவிட்டேன் என்றார் சிற்பி. நான் நிற்கவில்லை.