அண்ணன் வந்து போகும் வீடு

வீடு பார்க்க ஏறியவர்கள் நான்கு பேர். தரகர் கணேஷ்குமார், வாய் நிறைய வெற்றிலையோடு. நாலாம் மாடியில் தனியாகக் குடியிருந்துகொண்டு ஐந்தாம் மாடியை வாடகைக்கு விடும் மதீனா பீவி. லான்மடா பேட்டையில் கைலிக்கடையில் வேலை பார்க்கும் மிஸ்பா. அவளுடைய புருஷன் வாஜித். அன்றைக்கு அவன் அவளுக்கு அண்ணன், நானா.

யோசனை கணேஷ்குமாருடையது. மிஸ்பாவும் வாஜித்தும் முன்பு குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றபோது வாஜித் காலி செய்ய மறுத்தான். வாங்க வந்தவனைப் படிக்கட்டில் சட்டையைப் பிடித்து உலுக்கினான். வார்டு ஆபீஸ் ஆட்கள் சாமான்களைத் தெருவில் இறக்கினார்கள். அவன் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்ன இடத்திலெல்லாம் வீடு அப்போதுதான் வேறு யாருக்கோ முடிந்திருந்தது. மிஸ்பா தன் சின்னம்மா, சாச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டாள். வாஜித் நகருக்கு வெளியே லைங் தாயாவில், தான் இரவுவேலை பார்க்கும் தையல் ஆலையிலேயே, அட்டைப்பெட்டிக் கிடங்கில் பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். வண்டிகளில் சரக்கு ஏற்றும் இரைச்சலில் தூக்கம் பிடிக்காது. புருஷனும் பெண்டாட்டியும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள்.

"வீட்ட உங்க பேர்ல எடுப்போம், மா மிஸ்பா," என்றிருந்தான் கணேஷ்குமார், பர்மிய மரியாதையில் பெயருக்கு முன் ‘மா’ போட்டு. "புருஷன் மலேசியாவுல. யாரு தங்குறாங்கன்னு சோதிக்க வார்டு ஆபீஸ்காரங்க ராத்திரியிலதான் வருவாங்க, அப்ப இவரு ஆலையில இருப்பாரு. பகல்ல யாரு கேக்கப்போறா?"

கேட்பதற்கு ஒருத்தி கீழ்வீட்டிலேயே இருப்பதை அவன் சொல்லவில்லை.

மதீனா பீவி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். காற்று நன்றாகத்தான் வந்தது. கியாக்டடா பேட்டையின் பஸ் இரைச்சலும் அதோடு வந்தது.

"மாப்பிள்ள எப்புடி? போன் கீன் பண்றாரா?"

"தெனமும் பண்ணுவாரு லாத்தா. கொரல ஒசத்தத் தெரியாத மனுசன். நாலு பேரு முன்னால என்னைய ஒருநாளும் தலகுனிய வச்சதில்ல."

வாஜித் பால்கனியில் நின்று கீழே பார்த்தான். பொய் சொன்னால் அவளுக்கு நாக்குத் திக்கும். இப்போது திக்கவில்லை. இப்படி ஒருத்தனோடு அவள் மனதுக்குள் எவ்வளவு காலமாகக் குடித்தனம் நடத்தி வருகிறாளோ என்று நினைத்தான்.

"அப்புடி ஆளுதான் வேணும்," என்றாள் மதீனா பீவி. "லான்மடாவுல ஒருத்தன், வீடு வாங்க வந்தவனப் படியில வச்சே உருட்டப் பாத்தானாம். நம்ம ஆளுதானாம், வெக்கக்கேடு. அவனுக்கெல்லாம் வீடு குடுத்தா நம்ம படியில நாமளே பயந்து ஏறணும். என்ன தம்பி?"

"ஆமா லாத்தா."

"உங்க நானாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

"இவருக்கு யாரு லாத்தா பொண்ணு குடுப்பா?" என்றாள் மிஸ்பா.

கணேஷ்குமார் வெற்றிலைச்சாறு தெறிக்கச் சிரித்தான். வாஜித்தும் சற்றுத் தாமதமாகச் சிரித்து வைத்தான்.

"நானா சாயந்தரம் வந்து சாப்புட்டுப் போகட்டும், நான் என்ன பேயா? ஆனா நீ கடைக்குப் போன பொறகு இங்க ஆம்பள நடமாட்டம் கூடாது."

வீடு முடிந்தது. தெருவில் இறங்கியதும் வாஜித் சொன்னான்:

"மலேசியாக்காரன் ரொம்ப நல்லவனா இருக்கான்."

"அவனுக்குத்தான் வீடு கெடைக்குது, மச்சான்," என்றாள் மிஸ்பா. பஸ் வந்தது. இருவரும் வேறு வேறு பக்கம் போனார்கள்.

குடிவந்த மறுநாள் காலை மதீனா பீவி சந்தைக்குப் போன நேரம் பார்த்து இரவுவேலை முடிந்து வந்த வாஜித் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினான். மிஸ்பா கடைக்குக் கிளம்பி நின்றாள். பாய் விரித்திருந்தது. பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர்.

"கொழாயத் தொறக்காதீங்க, கீழ கேக்கும். போன அமத்திப் போடுங்க. அந்தம்மா துணி காயப்போட மொட்டமாடிக்கு நம்ம வாசலத் தாண்டித்தான் ஏறும். நடக்காதீங்க."

"இருமல் வந்தா?"

"தலகாணியில மூஞ்சிய வச்சுக்கங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழே படிக்கட்டில் யாரோ கனைத்தார்கள். மிஸ்பா விரலை உதட்டில் வைத்தாள். வெளியே போய் மரக்கதவைச் சாத்தினாள். இரும்புக் கிராதி இழுபட்டு வந்து மோதியது.

"இப்பத்தான் கெளம்புறியா மிஸ்பா?"

"ஆமா லாத்தா. பூட்டிட்டு வந்துர்றேன்."

வாஜித் பாயை எட்டாமல், ஒரு காலைத் தூக்கியபடி நடுக்கூடத்தில் நின்றான். வெளியே பூட்டு விழுந்தது. அவள் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.