ஏசிக்காக அடைத்த கல்ஜன்னல்

பிறந்து நாற்பது நாள் கழிந்த பேத்தி லமீஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு தர்காவின் மேற்குச் சுவருக்கு வந்த கனீஸ் பாத்திமா திகைத்து நின்றாள். கல்ஜன்னலைக் காணோம். அதை மூடிச் செங்கல் எழுந்திருந்தது. பூச்சு இன்னும் காயவில்லை. கொத்தனார் ராஜா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தலைவர் பாய்தாம்மா அடைக்கச் சொன்னாரு. ஏசி போடறாங்களாம். குளிரு வெளிய போவக்கூடாதாம்."

தர்கா நிர்வாகத் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன் அன்வருதீன். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

ஐந்நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்து இந்த மண்ணிலேயே அடக்கமான இறைநேசர் அந்த அவுலியா. கும்மட்டத்தைக் கட்டியவர்கள் பெண்களை உள்ளே விடவில்லை. ஆனால் ஒரே கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைபோட்டு, வெளியே நிற்பவளுக்கும் அவருடைய சமாதியான கப்ரின் தலைமாடு தெரியும்படி ஜன்னல் வைத்தார்கள். கடற்காற்று கிழக்கு வாசலில் நுழைந்து இந்தத் துளைகள் வழியே வெளியேறும். பிள்ளை பெற்றவர்கள் குழந்தையை அங்கே தூக்கிப் பிடிப்பார்கள். உள்ளே மணக்கும் சந்தனக் காற்று அதன் முகத்தில் படவேண்டும். மகள் மஹீராவுக்கு இரண்டு கரு தங்காமல் போனபோது, கனீஸ் நேர்ந்துகொண்டது இந்த ஜன்னலில்தான்.

அண்ணன் நின்றிருந்த கிழக்கு வாசலுக்கு விறுவிறுவென்று போனாள். வியாழக்கிழமை என்பதால் வந்திருந்த பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

பாரீஸில் இருக்கும் ஒருவர் ஏசி வாங்கிக் கொடுத்திருப்பதாகவும், ஓதுகிறவர்கள் வேர்வையில் நனைவதாகவும், பெண்கள் பார்க்க வெளியே டிவி மாட்டப்போவதாகவும் அன்வருதீன் பெருமையாகச் சொன்னார்.

"டிவி முன்னாடி புள்ளையத் தூக்கிக் காட்டணுமாண்ணே?"

"டிவில சீரியலும் வருமா பாய்?" என்றாள் வீராம்பட்டினத்து மீன்காரி அங்கம்மாள். மகன் செல்வகுமாரைக் கைக்குழந்தையாக இங்கே காட்டியவள் அவள். பெண்கள் சிரித்தார்கள். கனீஸ் சிரிக்கவில்லை.

"அடக்கமானவங்களுக்கு இத்தனை வருஷமா வேர்க்கலை. உனக்கு வேர்த்துடுச்சா? ஜன்னல் இருந்தவரைக்கும் வெளிய நின்னோம். அடைச்சது நீ. இனிமே எங்களுக்கு இந்த வாசல்தான்."

செருப்பை உதறிவிட்டு நிலைப்படிக்குள் ஒரு காலை வைத்தாள். அன்வருதீன் கையை விரித்து மறித்தார். ஜமாஅத்தில் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். அங்கம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

"ராஜா, அதை இடிச்சிடுப்பா" என்று மேற்குப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஈரச் செங்கல் ஒவ்வொன்றாகச் சரியும் சத்தம் கேட்டது. துளைகள் வழியே உள்ளே வெளிச்சம் விழுந்தது. பெண்கள் சிலர் மேற்குப் பக்கம் நகர்ந்தார்கள்.

"போம்மா, போய்ப் புள்ளையக் காட்டு" என்றார் அன்வருதீன்.

கனீஸ் உள்ளே வைத்த காலை எடுக்கவில்லை.