தண்ணீர் வராத தெருவின் ஈர நாய்

மூன்று வாரமாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத தெருவிலிருந்து ஒரு நாய் மட்டும் தினமும் நனைந்து வந்துகொண்டிருந்தது.

நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டிச் சீவிவிடும் கடை நடத்திவந்தவளுக்கு அந்த மாதம் முழுக்க அதுதான் மண்டைக் குடைச்சல். நாயின் பெயர் கம்பளி. உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கறுப்பு முடி. அதை வளர்த்தவர் இரண்டு தெரு தள்ளியிருந்த கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. அவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது ஈரத்தோடு வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும். கதவைத் திறந்தால் போதும், உள்ளே பாய்ந்து ஒரு உதறு உதறும். மேசையிலிருக்கும் விடைத்தாள்களில் பாதி மை கரைந்துவிடும். இரண்டு முறை பட்டபின், பூட்டைத் திறக்காமலே நாயைக் கடைக்கு இழுத்து வரத் தொடங்கினார்.

"மறுபடியுமா சார்? யாரு சார் இதைக் குளிப்பாட்டுறது?"

"என்னைக் கேட்டா? எனக்கே குளிக்கத் தண்ணி இல்லம்மா. லாரித் தண்ணி ரெண்டு குடத்த வச்சு நாளை ஓட்டுறேன். இதுல நாயை வேற நனைப்பேனா?"

அவள் கம்பளியை மேசைமேல் ஏற்றினாள். துண்டை வைத்துத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தாள். சுருள் முடியைத் தேய்த்தால் அங்கேயே சிக்கு விழுந்துவிடும். பிறகு சூடில்லாத காற்றை ஊதவிட்டு, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியும்வரை காயவைத்தாள். மேலே காய்ந்ததுபோல இருந்தாலும் இந்த முடி அடியில் ஈரத்தைப் பதுக்கி வைத்துக்கொள்ளும். விரல் இடுக்கு, காதின் உட்புறம், வால் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவள், இடது முன்னங்காலின் அக்குளில் கையை நிறுத்தினாள். அங்கே சடை கட்டியிருந்தது. அதன் அடியில் தோல் சிவந்து கசிந்தது.

"இங்க பாருங்க சார். ஈரம் தங்கித் தங்கிப் புண்ணாயிடுச்சு. இப்படியே போனா மொட்டையடிக்கிறதைத் தவிர வேற வழியில்ல."

"மொட்டையா? அப்புறம் கம்பளின்னு எதைக் கூப்பிடுறது?" வாத்தியாருக்கு முகம் விழுந்துவிட்டது.

அவளுக்கோ வேறொன்று மனதில் ஓடியது. நாயின் முதுகு நனையவில்லை. வயிறும் இடப்பக்கமும் மட்டும்தான் ஈரம். சாக்கடை நாற்றமில்லை, சோப்பு வாசனையுமில்லை. துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். லேசான பிளீச்சிங் பவுடர் வாடை. சீப்பில் பொடிப்பொடியாக வெள்ளை மணல்.

அந்தத் துண்டை மடித்து வீட்டுக்கே எடுத்துப் போனாள். அவள் கணவன் குடிநீர் அலுவலகத்தில் குழாய் ஃபிட்டர். வாத்தியார் தெரு அவன் பொறுப்பு. மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தும் கசிவு அகப்படாமல், போகிற வருகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிச் சலித்துப்போயிருந்தான்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"நாள் பூரா குழிக்குள்ள கிடந்துட்டு வர்றேன். நாய்த் துண்டு ஒண்ணுதான் பாக்கியா?" என்றவன் மோந்தான். இன்னொரு முறையும் மோந்தான். "பவுடர் போட்ட குழாய்த் தண்ணிதான். யாராவது தொட்டியில பிடிச்சு வச்சிருப்பாங்க."

"குடிக்கவே தண்ணி இல்லாத தெருவுல நாய்க்கு எவன் தொட்டி கட்டுவான்?"

அவன் துண்டைத் தள்ளி வைத்தான். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவளுக்கோ இருப்பே கொள்ளவில்லை.

சனிக்கிழமை வாத்தியாருக்கு விடுமுறை. ஆனாலும் நாய் எங்கே போகிறது என்று பார்க்க, அவள் சொன்னபடி வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் நின்ற வேனுக்குப் பின்னால் அவள் காத்திருந்தாள். அவரும் வந்து ஒடுங்கி நின்றார்.

"என் மாணவங்க யாராவது பார்த்தா என் மானம் போயிடும்மா."

"பேசாம இருங்க சார், கேட்டுக்குள்ள கம்பளி காதை நிமிர்த்துது பாருங்க."

வெயில் உச்சிக்கு ஏறியபோது கம்பளி கேட்டின் அடியிலிருந்த சந்தில் நுழைந்து வெளியே வந்தது. இப்படி அப்படிப் பார்க்கவில்லை. வேலைக்கு நேரமானவன்போல விறுவிறுவென்று நடந்தது. பூட்டிக்கிடந்த கிடங்கைத் தாண்டி, முள்புதரைச் சுற்றி, வறண்ட மழைநீர் வாய்க்காலில் இறங்கி, அங்கிருந்த சிறுபாலத்துக்கு அடியில் மறைந்தது.

இருவரும் குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தார்கள். கல்சுவரின் இடுக்கிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். அது வெள்ளை மணலில் கொஞ்ச தூரம் ஓடி, தரையில் விழுந்திருந்த பிளவுக்குள் போய்விட்டது. வெளியே ஒரு துளி வரவில்லை. நடுவே கம்பளி இடப்பக்கமாகச் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது.

"அடப்பாவி! தெருவே குடமும் கையுமா அலையுது, நீ இங்க ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கியா?" என்றார் வாத்தியார்.

அவள் கணவனுக்குப் போன் செய்தாள். "அந்தப் பக்கம் நம்ம குழாயே போகல, வரைபடத்துல கிடங்குக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கு" என்று சலித்துக்கொண்டேதான் வந்தான். பாலத்தின்மேல் நின்று, கையிலிருந்த இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தான். நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது.

"ஓடுது," என்றான் ரகசியம் சொல்வதுபோல. "பெரிய குழாய். எவனோ எந்தக் காலத்துலயோ தப்பா வரைஞ்சு வச்சிருக்கான். அதை நம்பி நான் இந்தக் கம்பிய அந்தப் பக்கமே நட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." ஆத்திரப்படுவான் என்று அவள் நினைத்தாள். அவனோ பாலத்திலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் தோண்டி, நழுவியிருந்த இணைப்பை மாற்றினார்கள். மறுநாள் காலை தெருக் குழாய்களெல்லாம் முதலில் சீறின, இருமின, பிறகு கொட்டின. வாத்தியார் மூன்று வாரக் குளியலையும் ஒரே மூச்சில் குளித்து முடித்தார்.

கம்பளிக்கு மொட்டை விழவில்லை. அக்குளிலும் வயிற்றிலும் மட்டும் முடியை ஒட்ட வெட்டி, மருந்து போட்டாள். பத்து நாளில் புண் ஆறிவிட்டது. இரண்டு நாள் மட்டும் அது பாலத்தடிக்குப் போய், உடம்பெல்லாம் மண்ணோடு ஏமாந்து திரும்பியதாக வாத்தியார் சொன்னார்.

அடுத்த வாரம் வாத்தியார் பக்கத்தில் நிற்க, அவள் அதைச் சீவிக்கொண்டிருந்தபோது கணவன் கடைக்கு வந்தான். புதிய வரைபடம் போட அலுவலகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்களாம்.

"அது சரி, மூணு வாரமா உங்களால முடியாததை இது எப்படிங்க கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

"சத்தம் கேட்டிருக்கும். கம்பி வச்சும் எனக்குக் கேக்காதது அதுக்குச் சும்மாவே கேக்கும்."

"இல்லைங்க, வாடையாத்தான் இருக்கும்," என்றார் வாத்தியார்.

அவள் இருவரையும் பார்த்தாள். பிறகு காற்று ஊதியை நிறுத்திவிட்டு, கம்பளியின் காது மடலை மெதுவாகத் தூக்கி, சுருள் முடியை விலக்கி, விடை அங்கேதான் இருப்பதுபோல உள்ளே எட்டிப் பார்த்தாள். கம்பளி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கிப்போனது.