மேலே விட்டிருந்த இடம்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் நாங்கள் பன்னிரண்டு பேர் ஏப்ரல் மாதம் சங்கத்தில் கூடி ஒரு தீர்மானம் போட்டோம். உரிமம் புதுப்பிக்க இனி யாருக்கும் கவர் கொடுப்பதில்லை. ஒருவர் மறுத்தால் அவர் லாட்ஜை மூடுவார்கள். பன்னிரண்டு பேரும் மறுத்தால் குற்றாலத்தையா மூடுவார்கள் என்று நான்தான் பேசினேன். செயலாளர் என்பதால் மேலிடத்துக்குப் புகாரையும் நானே கைப்பட எழுதினேன். எல்லாரும் கையெழுத்திட்டார்கள்.

ஜூனில் சாரல் விழுந்தது. பதினோரு பேருக்கு உரிமம் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் எட்டு அறைகள் மட்டும் பூட்டிக் கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குக் கொல்லத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் எட்டையும் பதிவு செய்திருந்தது. எங்களுக்கு வருஷம் என்பதே இந்த மூன்று மாதந்தான்.

புதன்கிழமை காலை என் மனைவி ஆனந்தவள்ளி ஒரு கவரை என் சட்டைப்பையில் வைத்தாள்.

"ஊரே குடுத்தாச்சு. நீங்க மட்டும் எதுக்கு மொறச்சிக்கிட்டு நிக்கிய?"

நான் மறுக்கவில்லை. தென்காசிக்குப் பஸ் ஏறினேன்.

உரிமப் பிரிவு எழுத்தர் மந்திரமூர்த்தி எழுந்து நாற்காலி போட்டார். கவரை ஃபைலுக்கு அடியில் தள்ளினேன். அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்க கிட்டப் போயி வாங்குவனா?"

"மத்தவங்க கிட்ட வாங்கினீயள்லா?"

"அவங்க கத வேற. நீங்க எழுதிப் போடுத ஆளு. லஞ்ச ஒழிப்புக்காரன் நோட்டுல பவுடர் தடவிக் குடுத்திருப்பான்."

"சத்தியமா இல்ல."

"பவுடர் தடவுனவனும் அதத்தான் சொல்லுவான்."

கவரை எடுத்துப் பையில் வைத்தேன். "அப்ப சும்மாவே குடுங்க."

"அதெப்படி? ஒங்க புகார்ல விசாரணை நடக்குது. முடியுத வரைக்கும் புகார்தாரர் ஃபைல நான் தொடக் கூடாது."

"மத்த பதினோரு பேரும் புகார் குடுத்தவங்கதான?"

"அவங்க வாபஸ் வாங்கிட்டாவ."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் காட்டினார். அடியில் பதினோரு கையெழுத்து. முதலில் இருந்தது ஜோஷ்வாவுடையது. என் தீர்மானத்தை வழிமொழிந்தவர். மேலே முக்கால் பக்கம் காலியாக இருந்தது.

"என்ன எழுதணும்னு அவங்களுக்குத் தெரியலயாம். செயலாளர் அழகா எழுதுவாருன்னு ஜோஷ்வா சார் சொன்னாரு."

"எழுதலேன்னா?"

"எழுதாண்டாம். விசாரணை நடக்கட்டும். ஐப்பசிக்குள்ள முடிஞ்சிரும்."

ஐப்பசியில் அருவிக்கரையில் யார் இருப்பார்கள்? பேனாவைத் திறந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள். தவறான தகவலை நம்பிப் புகார் அளித்துவிட்டோம் என்றும், எந்த அலுவலரும் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை என்றும் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

"தேதி ஏப்ரல்ல போடுங்க. புகார் குடுத்ததுக்கு மறுநாளு. அப்பத்தான் அவங்களுக்கு உரிமம் குடுத்தது சரியா வரும்."

போட்டேன். பன்னிரண்டாவதாகக் கையெழுத்திட்டேன். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் உரிமம் வந்தது. நான் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"இப்ப அந்தக் கவரக் குடுங்க அண்ணாச்சி."

கொடுத்தேன்.

வெளியே வந்து கொல்லத்துக்காரருக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வரலாம் என்றேன்.

"லைசன்ஸ் எல்லாம் சரிதானல்லே சாரே? பிள்ளைங்க உண்டு, அதான் கேட்டேன்."

"எல்லாம் முறைப்படி வாங்கியாச்சு" என்றேன்.